நெடுந்தூர வேலைப் பயணம்: பெட்டி கட்டுவதிலிருந்து மறுநாள் காலை ஷிஃப்ட் வரை

இறங்கிய மறுநாள் காலை ஏழரை மணிக்கு அசெம்பிளி லைன் பக்கத்தில் நின்று, நாங்கள் அனுப்பிய பாகம் ஏன் பொருந்தவில்லை என்று நாலு பேருக்கு விளக்க வேண்டும். என் வெளிநாட்டுப் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பொறியாளர் வேலை. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஜெர்மனியின் ஸ்டட்கார்ட், இல்லையென்றால் அதே வழியில் அமெரிக்காவின் டெட்ராய்ட். பத்து வருஷத்துக்கு மேலாக, வருஷத்துக்கு ஐந்தாறு தடவை.

சுற்றுலா போகிறவர் முதல் நாளைத் தூங்கிக் கழிக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு அந்த முதல் நாள்தான் முக்கியம். அதனால் பெட்டி கட்டுவது, சீட் பிடிப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்: இறங்கிய 24 மணி நேரத்துக்குள் நான் வேலை செய்யும் நிலையில் இருப்பேனா?

முதல் படி: பாதி கட்டிய பை எப்போதும் அலமாரியில்

அடிக்கடி போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பெட்டி கட்டக்கூடாது. சார்ஜர், பல் துலக்கும் சாமான், மருந்து, பிளக் அடாப்டர், கம்ப்ரெஷன் சாக்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை) எல்லாவற்றையும் பயணத்துக்கென்றே தனியாக வாங்கி மூன்று சிறு பைகளில் போட்டுவிடுங்கள். வீட்டுச் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போகிற பழக்கம் இருக்கும்வரை ஏதாவது ஒன்று வீட்டிலேயே தங்கிவிடும். மேற்கொண்டு ஆகும் செலவு இரண்டே பயணத்தில் ஈடாகிவிடும், ஏனென்றால் விமான நிலையக் கடையில் ஒரு சார்ஜர் வாங்கும் விலைக்கு இங்கே மூன்று வாங்கலாம்.

மின்சாரப் பை: லேப்டாப், போன் சார்ஜர்கள் எல்லாம் இப்போது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அடாப்டர் மட்டும் இருந்தால் போதும். ஜெர்மனியில் நம் மெல்லிய இரண்டு முள் பிளக் அப்படியே பொருந்திவிடும், மூன்று முள்ளுக்குத்தான் அடாப்டர். அமெரிக்காவில் 120 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலை அங்கே சொருகினால் தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆகும். கெட்டில் வேண்டுமென்றால் இரட்டை வோல்டேஜ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. 100 வாட் அவர் (Wh) வரை தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: 20,000 மில்லி ஆம்பியர் அவர் (mAh) என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர். அளவு அச்சிட்டது தேய்ந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், அதனால் எழுத்து தெளிவாக இருப்பதையே கொண்டுபோங்கள். இன்னொன்று: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டன. எடுத்துப்போகலாம், போனைச் செருகக்கூடாது. ஆகவே போனைத் தரையிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

மருந்துப் பை: வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கடைப் பட்டையைப் பிரிக்காமல். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நம் பாரசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில் கிடைக்கும். ஜெர்மனியில் காய்ச்சல் மாத்திரைகூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், முறை வைத்துத் திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடையைத் தேடிப் போக வேண்டும். சனிக்கிழமை இரவு சென்னையில் கிளம்பினால் இறங்குவது ஞாயிறு காலை என்பதை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் இருக்கும் கடைகள்தான் கதி.

இரண்டாம் படி: பெட்டி வராது என்று நினைத்துக் கைப்பை கட்டுங்கள்

என் இரண்டாவது பயணத்தில் பெட்டி வரவில்லை. எந்த விமான நிறுவனம் என்பது முக்கியமில்லை, இணைப்பு விமானத்துக்கு இடையில் நேரம் குறைவாக இருந்தால் யாரிடமும் நடக்கக்கூடியதுதான். பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. மறுநாள் காலை வாடிக்கையாளர் தொழிற்சாலைக்குள் நுழையப் பாதுகாப்புக் காலணி வேண்டும், அது பெட்டிக்குள் இருந்தது. வாசலில் வைத்திருந்த பார்வையாளர் காலணி என் காலுக்கு மூன்று அளவு பெரியது. நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் போனில் பேசிய எங்கள் துறை மூத்தவர், "பெட்டி வராதுன்னே நெனச்சுக்கிட்டு பையைக் கட்டும்மா. வந்துச்சுன்னா சந்தோஷம்" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் விதி.

லுஃப்தான்சாவின் எகானமியில் கேபின் பைக்கு 8 கிலோ, எமிரேட்ஸில் 7 கிலோ. அந்த எடைக்குள் என் கைப்பையில் இருப்பவை: மறுநாள் போடும் ஒரு முழு செட் உடை, இரண்டு நாளுக்கு உள்ளாடை, லேப்டாப், சார்ஜர், மருந்து, கண்ணாடி, வேலைக் காகிதங்கள், பாதுகாப்புக் காலணி. காலணி எடையைத் தின்றுவிடுமே என்று கேட்பார்கள். அதனால்தான் முன்பக்கத்தில் இரும்புக்குப் பதிலாகக் காம்போசிட் தகடு வைத்த ஜோடியை வாங்கினேன். எடை குறைவு, மெட்டல் டிடெக்டரில் சத்தம் வராது, காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறலாம். ஆனால் வாங்கும்போது காலணி நாக்கின் உட்பக்கத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20345, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2413 என்று இருக்க வேண்டும். இரண்டும் அச்சிட்ட ஜோடி கிடைத்தால் நல்லது.

திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள, திறந்து மூடக்கூடிய ஒளிபுகும் பைக்குள். இணைப்பு விமான நிலையத்தில் மறுபடி சோதனை இருக்கும் என்பதால் இடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அங்கே போய்விடும். காலி பாட்டில் எடுத்துப்போய் உள்ளே நிரப்பிக்கொள்வதுதான் சரி.

பெட்டி வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருகைக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பேக்கேஜ் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவம் போட்டு எண்ணை வாங்குங்கள். சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இடையில் வாங்கிய சட்டை, சோப்பு எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன் மூடியும் திறந்தும் இரண்டு படம் எடுத்து வைப்பது என் பழக்கம். "என்ன நிறம், உள்ளே என்ன இருந்தது" என்று கேட்கும்போது படத்தையே காட்டிவிடலாம்.

மூன்றாம் படி: பெட்டிக்குள் போவது, போகக்கூடாதது

உடை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரத்துக்கு இரண்டு கால்சட்டை, நான்கு மேலுடை, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிறம். டெட்ராய்ட் ஜனவரிக்குத் தெர்மல் உள்ளாடை கட்டாயம், பருத்தி வேண்டாம். பருத்தி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளியோ பாலியஸ்டரோதான். கனமான ஜாக்கெட்டைப் பெட்டியில் திணிக்காமல் கையில் எடுத்துப்போங்கள், விமானத்தில் அதுவே போர்வை.

சாப்பாட்டுச் சாமான்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். அம்மா கட்டிக்கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது என்று நினைக்கிறோம், அங்கே போய் அதிகாரி முன்னால் குப்பையில் போடுகிறோம். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இதைப் பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக்கூடாது. பால்கோவா, நெய், தயிர் மிளகாய் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது, ஆரஞ்சு வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றிப்போகும் என்பதுதான் காரணம். இறைச்சி, பழம், விதையும் அப்படியே. அங்கே எந்த உணவு இருந்தாலும் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம். துபாய் வழியாகப் போய் அங்கே வெளியே வருகிறவர்கள் கசகசாவை எந்த மசாலாவிலும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள், அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படித்தான். கொப்பரைத் தேங்காய் தானாகவே தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் வருவதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

அப்படியானால் என்னதான் கொண்டுபோவது? பருப்புப்பொடி, இட்லிப் பொடி, கெட்டியாகக் கிண்டிய புளிக்காய்ச்சல், மெல்லிய அவல், சுக்குமல்லிப் பொடி. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மி.லி. அளவுக்கு மேற்பட்ட பொடிகளைக் கைப்பையில் அனுமதிப்பது சிரமம், அதனால் பொடி எல்லாம் பெட்டிக்குள். ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் வேண்டவே வேண்டாம். புளிக்காய்ச்சல் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து மூடியைத் திருகி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, சாக்ஸுக்குள் நுழைத்துப் பெட்டியின் நடுவில் வையுங்கள். காற்றழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும்.

அவல் எதற்கென்றால்: இரவு பத்து மணிக்கு ஓட்டல் அறையில் பசித்தால் சூடான தண்ணீரில் ஊறவைத்துப் பருப்புப்பொடி போட்டுப் பிசைந்தால் ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு. அடுப்பு வேண்டாம், மணம் பரவாது, ஓட்டல்காரர்கள் கோபிக்கமாட்டார்கள்.

சாம்பிள் பாகம், அளவுக் கருவி எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூர்முனை வெர்னியர் காலிப்பரைக் கைப்பையில் போட்டால் சோதனையில் போய்விடும். உலோகப் பாகங்களைப் பெட்டியில் போட்டு, விலையைக் குறித்த ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் இரண்டு நகல் கூடவே வையுங்கள். "விற்பனைக்கு அல்ல" என்று எழுதியிருந்தாலும் மதிப்பு பூஜ்யம் என்று போடாதீர்கள், சுங்கத்தில் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். விலை உயர்ந்த கருவியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்றால் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கம்பெனி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காம் படி: டிக்கெட், சீட், சாப்பாடு

கம்பெனி போடும் டிக்கெட்தான், நம் கையில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பயண டெஸ்க்கில் இருப்பவரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, இணைப்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். ஐரோப்பாவில் 2025 அக்டோபர் 12 முதல் ஈ.ஈ.எஸ். என்ற புதிய நுழைவுப் பதிவு வந்திருக்கிறது. எல்லையில் முகப் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள், வரிசை நீள்கிறது. இரண்டு, கிட்ட இருக்கும் ஊருக்கு இன்னொரு விமானம் வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது, ஸ்டட்கார்ட்டுக்கு அதிவேக ரயில் ஒன்றேகால் மணி நேரம்தான். பெட்டியையும் கையோடு வாங்கிவிடலாம்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு அபுதாபி வழி நல்ல வசதி. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி நேராக வெளியே நடக்கலாம். பதினான்கு மணி நேரப் பறப்புக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்காமல் இருப்பதன் அருமை நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நம் ஊர்க் குடியேற்ற வரிசைக்கும் வழி வந்துவிட்டது. எஃப்.டி.ஐ.-டி.டி.பி. என்ற விரைவுத் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இணையத்தில் பதிந்து, ஒரு தடவை கைரேகையும் முகமும் கொடுத்தால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை. நள்ளிரவில் நாலைந்து விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் சென்னையில் இது பெரிய ஆறுதல்.

சீட்: தூங்க வேண்டிய இரவு விமானத்துக்கு ஜன்னல், விழித்திருக்கும் பகல் விமானத்துக்கு நடைவழி. இறக்கைக்கு மேலே இருக்கும் வரிசைகளில் ஆட்டம் குறைவு. முன் சுவருக்குப் பக்கத்து வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். விமான வகையையும் பாருங்கள். பழைய விமானங்களில் கேபின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமம் வரை போகும், அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது 6,000 அடி, குன்னூர் உயரம். தலைவலியில் அந்த வித்தியாசத்தை நான் உணர்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு விமானம் இருந்தால் இவற்றில் ஒன்றை எடுப்பேன்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்து உணவு என்று போட்டால் அது சைவம் என்று அர்த்தமில்லை, மாட்டிறைச்சி இல்லாத அசைவமாகவும் வரலாம். நம் ருசிக்குப் பக்கத்தில் வரும் சைவம் ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு, ஆசிய சைவம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். தனி உணவு கேட்டவர்களுக்கு முதலில் பரிமாறிவிடுவார்கள், அதனால் மற்றவர்கள் தட்டைத் தொடுவதற்கு முன் நீங்கள் விளக்கை அணைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: கிளம்பும் இரவு

சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான். அன்று மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டிலேயே இட்லியோ ரசம் சாதமோ சாப்பிட்டுவிடுங்கள். கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, சோடா வேண்டாம். உயரத்தில் வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் விரியும், உப்புசம் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் சாப்பிட்டுவிட்டால் விடிகாலை மூன்று மணிக்கு விமானத்தில் தட்டு வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகத் தூங்கலாம். இந்த ஒரு மாற்றம் எனக்கு இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்தது.

கம்ப்ரெஷன் சாக்ஸை வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுவிடுங்கள். கால் வீங்கிய பிறகு ஏற்றினால் ஏறாது, ஏறினாலும் பலன் குறைவு. முழங்காலுக்குக் கீழே முடிகிற, 15 முதல் 20 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது போதும். போடுவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே கைவிட்டுக் குதிகாலைப் பிடித்து, அதுவரைக்கும் உள்வெளியாகத் திருப்பிவிடுங்கள். பாதப் பகுதி ஒரு சின்னப் பை மாதிரி தனியாக நிற்கும். அதற்குள் விரல்களை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உருட்டுங்கள். எங்கேயும் மடிப்பு விழக்கூடாது, மேல் விளிம்பை மடித்துவிடவும் கூடாது. மடிப்பு விழுந்த இடம் கயிறு கட்டிய மாதிரி இறுக்கிவிடும்.

எதற்கு இவ்வளவு? நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நீண்ட பறப்பு போகிறவர் அலட்சியமாக இருக்கவும் முடியாது. கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பே ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ள சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்காமல் தாங்களாக எதையும் செய்ய வேண்டாம். திரும்பி வந்த பிறகு ஒரே கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறாம் படி: உள்ளே உட்கார்ந்த பிறகு

கழுத்துத் தலையணைகள் பல வாங்கிப் பார்த்தேன். இப்போது என்னிடம் இருப்பது ஒரு ஈரோட்டுத் துண்டு. மெல்லிய பருத்தி, ஓரத்தில் நீலக் கரை, பத்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பழைய வேட்டி மாதிரி மிருதுவாகிவிட்டது. உட்கார்ந்ததும் அதை நாலாக மடித்துச் சுருட்டி இடுப்பு வளைவுக்குப் பின்னால் வைப்பேன். பத்து மணி நேரம் கழித்து முதுகு பிடிக்காமல் எழுந்திருப்பது அதனால்தான். குளிர்ந்தால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம், ஏசிக் காற்று முகத்தில் அடித்தால் மூக்கு வரை இழுத்து மூடிக்கொள்ளலாம். மூச்சின் ஈரமே அந்தத் துணிக்குள் தங்கி, தொண்டை வறண்டுபோகாமல் காக்கும். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். முப்பத்தைந்தாயிரம் அடியில் வெளியே இருக்கும் காற்றில் ஈரம் கிட்டத்தட்டக் கிடையாது, அதைத்தான் உள்ளே எடுத்து விடுகிறார்கள், அதனால் கேபின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரே, உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மணிக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் போதும். மது தூக்கம் தருகிற மாதிரி தெரியும், ஆனால் நடுவில் எழுப்பிவிடும்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது தடவை. காலுக்கு அடியில் பையை அடைத்து வைக்காதீர்கள். கால் நீட்ட இடமில்லாமல் போவது பாதி நேரம் நம் பையால்தான்.

குமட்டலுக்கு நாவில் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காய். இறங்கும்போது காதடைத்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் தூங்காதீர்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும்.

பெண்களுக்கு ஒன்று. கடிகாரம் மாறும்போது மாதவிடாயும் முன்பின்னாகலாம். தேதி தள்ளி இருக்கிறது என்று நம்பாமல் நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். இடுப்பில் பட்டன் இறுக்கும் ஜீன்ஸைவிட நாடா வைத்த தளர்வான கால்சட்டை நல்லது. மேலே முழங்கால் வரை வரும் குர்தா போட்டால் குறுகலான கழிவறையில் சிரமம், இடுப்பளவு மேலுடை போதும்.

ஏழாம் படி: உடம்புக் கடிகாரத்தை நகர்த்துவது

ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. டெட்ராய்ட்டுக்கு ஒன்பதரை, பத்தரை. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கே போகும்போது கொஞ்சம் வேகமாக, கிழக்கே திரும்பும்போது மெதுவாக. நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது, அதனால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம்.

அந்தக் கடிகாரத்தை நகர்த்தும் வலுவான கருவி வெளிச்சம். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் உடம்பு அதிகமாகக் குளிர்ந்திருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும். சென்னையில் ஆறரை மணிக்கு எழுகிறவருக்கு அந்தப் புள்ளி விடிகாலை நாலு மணி. டெட்ராய்ட் கோடையில் அப்போது முந்தைய நாள் சாயங்காலம் ஆறரை. அதனால் பிற்பகலில் இறங்கியதும் அறைக்குள் போய்ப் படுக்காமல் ஆறு மணி வரை வெளியே நடந்துவிட்டு, ஏழு மணிக்கு மேல் அறை வெளிச்சத்தைக் குறைத்து, ஒன்பது மணிக்குப் படுப்பேன். ஜெர்மனியில் இன்னும் எளிது. பகல் முழுக்கத் தூங்காமல் இருந்து சாயங்கால வெளிச்சத்தில் நடந்தால் போதும். தாங்க முடியாத தூக்கம் வந்தால் இருபது நிமிஷம், அலாரம் வைத்து, அதுவும் மூன்று மணிக்கு முன்னால்.

இரண்டு வாரம் டெட்ராய்ட்டில் இருந்துவிட்டு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. உடம்பின் விடிகாலை நாலு மணி சென்னையில் மதியம் ஒன்றரை. வந்த மறுநாள் காலை வெயிலில் நடந்தால் உடம்பு தப்பான பக்கம் நகரும். மதியம் வரை திரையை இழுத்துவிட்டு, வெளியே போனால் கூலிங் கிளாஸ் போட்டு, இரண்டு மணிக்கு மேல் வெளிச்சத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தை ஒரு மணி முன்னால் கொண்டுவாருங்கள். மெலட்டோனின் (தூக்க ஹார்மோன் மாத்திரை) சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். 0.5 முதல் 3 மில்லிகிராம், போன ஊரின் படுக்கும் நேரத்தில், என்பதுதான் வழக்கமான அளவு. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டவும் வேண்டாம்.

முதல் நாள் முடிவெடுக்கும் கூட்டத்தை உள்ளூர் நேரம் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அப்போது சென்னையில் பிற்பகல், மூளை இன்னும் நம் ஊர்ப் பகலில்தான் இருக்கும். இது ஜெர்மனிக்கு. டெட்ராய்ட்டில் நம் இரவு நெருங்குவதற்கு முன், எவ்வளவு காலையில் முடியுமோ அவ்வளவு காலையில். அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு நான் எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

எட்டாம் படி: திரும்பிய மறுநாள்

பெட்டியைத் திறந்ததும் அழுக்குத் துணிக்கு முன்னால் மூன்று சிறு பைகளையும் வெளியே எடுங்கள். பற்பசை எவ்வளவு மீதம், மாத்திரை எத்தனை, நாப்கின் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்ததை அன்றே அண்ணாச்சி கடையிலும் மருந்துக்கடையிலும் வாங்கி நிரப்பிவிடுங்கள். சாக்ஸை வெந்நீரில் போடாமல் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள், வெப்பம் அதன் இழுவிசையைக் கெடுத்துவிடும். மீந்த யூரோ, டாலர் நாணயங்கள் ஒரு கவரில், அடாப்டருக்குப் பக்கத்தில். பாஸ்போர்ட்டில் எத்தனை வெற்றுப் பக்கம், விசா முடிய எத்தனை நாள், ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாக் கணக்கில் 180 நாளில் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அதே பைக்குள் மடித்து வைக்கிறேன். அடுத்த தடவை அழைப்பு வந்து, "எப்போ கெளம்ப முடியும்?" என்று மேலாளர் கேட்கும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.